பறக்கும் மணி நேரம் சேர்க்கிறீர்களா? எந்த மீட்டர் என்று கேளுங்கள்

அமெரிக்காவில் வணிக விமானி உரிமத்துக்குப் பொதுவாக 250 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதனால் தனியார் விமானி உரிமம் வாங்கிய கையோடு, மீதி நேரத்தைச் சேர்க்க மலிவான பள்ளியாகத் தேடுவார்கள். தப்பில்லை. செஸ்னா 152 என்ற பழைய இரண்டு இருக்கை விமானம் போதும். விமானி முன்னால் பளபளக்கும் கணினித் திரைக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

ஆனால் விமான வாடகையை எந்த மீட்டரை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்று கேளுங்கள். ஹாப்ஸ் மீட்டர் பெரும்பாலும் இன்ஜின் ஓடும் நேரம் முழுவதையும் கடிகாரம் போல எண்ணிவிடும். டாக் மீட்டர் இன்ஜின் சுழலும் வேகத்தைப் பொறுத்தது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும்போதும், வரிசையில் காத்திருக்கும்போதும் அது மெதுவாகத்தான் நகரும். விமானி தன் பறந்த நேரத்தை எழுதும் லாக்புக்கிலோ அந்த நேரமும் பறந்த கணக்கில் சேரும். ஆக, ஒரே கட்டணம் என்றால் டாக் கணக்குதான் லாபம். அப்புறம், வாடகையில் பெட்ரோல் சேர்த்தியா என்பதையும் கேளுங்கள். 'வெட்' என்றால் சேர்த்தி, 'டிரை' என்றால் தனி.

இருவர் சேர்ந்து பறந்து செலவைப் பகிரலாம். ஒருவர் வெளிப்பார்வையை மறைக்கும் முகமூடி போட்டுக் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட, மற்றவர் பாதுகாப்பு விமானியாக வெளியே பார்க்கலாம். அந்த நேரத்தை இருவருமே எழுதிக்கொள்ளலாம். ஆனால் தொலைதூரப் பயண மணி நேரம் ஓட்டுபவருக்கு மட்டும்தான்.

தள்ளுபடிக்கு மயங்கி மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். 2008-ல் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்ற அமெரிக்கப் பயிற்சிப் பள்ளி திடீரென மூடியபோது கடன் வாங்கிக் கட்டிய மாணவர்கள் நடுவழியில் நின்றார்கள். பத்துப் பத்து மணி நேரமாகக் கட்டுங்கள்.