நிறத்தை நம்பி ஏமாறாதீர்கள்: கருத்துசார் வரைபடங்களைப் படிப்பதில் நாம் செய்யும் தவறுகள்

உலக மக்கள்தொகை வரைபடம் ஒன்றை வகுப்பில் விரித்து, "எங்கே ஜன நெருக்கம் அதிகம்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான விரல்கள் ஒரே இடத்துக்குத்தான் போகும்: எந்த நாடு பெரிதாகவும் அடர்த்தியான நிறத்திலும் தெரிகிறதோ, அங்கே. தலைப்பைப் படித்துவிட்டு விரலை நீட்டுகிறவர்கள் குறைவு. பல ஆண்டுகளாகப் புவியியல் பாடம் எடுத்துவரும் எனக்கு இது இன்னமும் வருத்தம் தருகிற விஷயம். அந்தப் பிள்ளைகளுக்கு அறிவு குறைவில்லை. வரைபடத்தை ஒரு படம்போலப் பார்க்கத்தான் நாம் அவர்களைப் பழக்கியிருக்கிறோம்.

அரசியல் வரைபடமும் இயற்கை அமைப்பு வரைபடமும் ஒரு இடம் எங்கே இருக்கிறது என்று சொல்கின்றன. கருத்துசார் வரைபடத்தின் வேலை வேறு. மழை, மக்கள் அடர்த்தி, எழுத்தறிவு, பயிர் என ஏதாவது ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, அது எங்கே எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது. அதனால் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தலைப்பையும், எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் குறிவிளக்கத்தையும் பார்க்க வேண்டும். என்ன அளந்திருக்கிறார்கள், எந்த அலகில், எந்த ஆண்டில்? ஆண்டைப் பொதுவாக யாரும் கவனிப்பதில்லை. 2011-க்கு முந்தைய ஆப்பிரிக்க வரைபடத்தில் தெற்கு சூடான் என்ற நாடே இருக்காது. அதில் சூடானுக்குக் கொடுத்திருக்கும் எண்ணை இன்றைய சூடானோடு ஒப்பிட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மொத்தத்தையும் அடர்த்தியையும் குழப்பிக்கொள்வது. ரஷ்யாவையும் வங்காளதேசத்தையும் எடுத்துக்கொள்வோம். ரஷ்யாவில் 14 கோடிப் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். வங்காளதேசத்தில் ஏறத்தாழ 17 கோடி. மொத்த மக்கள்தொகையைக் காட்டும் வரைபடத்தில் '10 முதல் 20 கோடி' என்று ஒரு பிரிவு வைத்தால் இரண்டு நாட்டுக்கும் ஒரே நிறம்தான். ஆனால் ரஷ்யாவின் பரப்பு சுமார் 1.71 கோடி சதுர கிலோமீட்டர், வங்காளதேசம் சுமார் 1.48 லட்சம். நூறு மடங்குக்கும் மேலான வித்தியாசம். தாளில் பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கிற ரஷ்யாதான் கண்ணை இழுக்கும். வங்காளதேசம் ஒரு சின்னப் பொட்டு. இப்போது அதே தகவலை அடர்த்தியாக மாற்றுங்கள். ரஷ்யாவில் ஒரு சதுர கிலோமீட்டருக்குப் பத்துப் பேர்கூட இல்லை. வங்காளதேசத்தில் ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஒன்று வெளுத்துப்போகும், மற்றொன்று கருத்துவிடும். இரண்டு வரைபடமும் உண்மையைத்தான் சொல்கின்றன. கேட்ட கேள்வி வேறு என்பதால் விடையும் வேறாகிறது.

இதில் கோட்டுச்சட்டத்தின், அதாவது உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் வரையும் முறையின், கைவரிசையும் உண்டு. 1569-இல் வெளியான மெர்கேட்டர் கோட்டுச்சட்டம் துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை ஊதிப் பெரிதாக்கும். அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு இணையாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைவிடச் சுமார் 14 மடங்கு பெரியது. நிறம் பூசி ஒப்பிடுகிற வரைபடத்துக்குப் பரப்பைச் சரியாகக் காட்டும் சமபரப்புக் கோட்டுச்சட்டமே பொருத்தம்.

அடுத்தது, ஒரு எல்லைக்குள் ஒரே நிறம் என்றால் உள்ளே எல்லா இடமும் ஒரே மாதிரி என்று நினைத்துக்கொள்வது. எகிப்தைப் பாருங்கள். சுமார் 10 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு, 10 கோடிக்கும் மேல் மக்கள். சராசரி போட்டால் சதுர கிலோமீட்டருக்கு நூறு பேருக்குச் சற்று மேலே வரும். மதிப்புக்கு ஏற்ப ஒவ்வொரு எல்லைக்குள்ளும் ஒரே நிறம் பூசும் நிழற்பட்டை வரைபடம், நாடு முழுக்க நடுத்தரமான ஒரு நிறத்தைப் பூசிவிடும். ஆனால் அந்த மக்களில் ஏறக்குறைய 95 சதவீதத்தினர் நைல் ஆற்றின் பள்ளத்தாக்கிலும் கழிமுகத்திலும், அதாவது நாட்டின் 5 சதவீத நிலத்தில் வாழ்கிறார்கள். கணக்குப் போட்டால் அங்கே அடர்த்தி 2000-ஐ ஒட்டி வரும். மீதி எல்லாம் பாலைவனம். அந்த நடுத்தர நிறம் எகிப்தின் எந்த மூலைக்கும் பொருந்தாது.

எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை ஒரே நிறம் என்று வகுக்கும் பிரிவு இடைவெளிகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பாடம் நடத்தும்போது நாமே அவசரமாகக் கடந்துபோகும் இடம் இது. ஐந்து பகுதிகளின் மதிப்பு 98, 102, 140, 199, 205 என்று வைத்துக்கொள்வோம். 100 வரை வெளிர் நிறம், 101 முதல் 200 வரை நடுத்தரம், அதற்கு மேல் அடர் நிறம் என்று பிரிக்கிறோம். 98-க்கும் 102-க்கும் வித்தியாசம் நான்குதான், ஆனால் நிறம் வேறு. 102-க்கும் 199-க்கும் வித்தியாசம் 97, ஆனால் ஒரே நிறம். பிரிக்கும் எல்லையை 150-இல் ஒன்றும் 250-இல் ஒன்றுமாக மாற்றினால் முதல் மூன்றும் ஒரே வெளிர் நிறத்துக்குப் போய்விடும், கடைசி இரண்டும் நடுத்தரமாகிவிடும், அடர் நிறமே காணாமல் போகும். எண்கள் மாறவில்லை, வரைந்தவர் தன் முடிவை மாற்றினார். இதைக் கரும்பலகையில் ஒருமுறை செய்துகாட்டுங்கள், மாணவர்கள் அப்புறம் மறக்கவே மாட்டார்கள்.

அடர் நிறம் என்றால் 'நல்லது' என்று எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. 1826-இல் பிரான்சின் கல்வி நிலையைக் காட்ட சார்லஸ் துப்பின் வரைந்த படம்தான் நிழற்பட்டை முறையின் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. அதில் பள்ளிக் கல்வி குறைந்த பகுதிகளே கருமையாக இருந்தன. குறிவிளக்கத்தைப் பார்க்காமல் படித்தால் தலைகீழாகப் புரியும். வெள்ளையாக விட்ட இடத்திலும் இதே ஆபத்து. அது பூஜ்ஜியமா, தகவல் கிடைக்கவில்லையா என்பதைக் குறிவிளக்கம்தான் சொல்லும்.

புள்ளி வரைபடத்தில் ஒரு புள்ளி ஒரு ஊர் இல்லை; 'ஒரு புள்ளி = 10,000 பேர்' போன்ற ஒரு கணக்கு. புள்ளி விழுந்த இடத்தில்தான் அத்தனை பேரும் இருக்கிறார்கள் என்று எழுதக் கூடாது. வட்டங்களால் காட்டும்போது வேறொரு சிக்கல். 100-க்கு 1 செ.மீ. ஆரம் என்றால் 400-க்கு 2 செ.மீ. ஆரம் போட வேண்டும், ஏனென்றால் கண் பார்ப்பது வட்டத்தின் பரப்பை. நான்கு மடங்குதானே என்று 4 செ.மீ. ஆரம் போட்டால் பரப்பு பதினாறு மடங்காகிவிடும். ஆரத்தை மதிப்பின் வர்க்கமூலத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

ஒரே வெப்பநிலை உள்ள இடங்களை இணைக்கும் சமவெப்பக் கோடுகளில் மாணவர்கள் விட்டுவிடும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோடுகள் நெருக்கமாக இருந்தால் அங்கே வெப்பம் அதிகம் என்று பலர் எழுதுகிறார்கள். நெருக்கம் காட்டுவது வெப்பநிலை எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பதை மட்டும்தான். 20° கோட்டுக்கும் 25° கோட்டுக்கும் நடுவில் உள்ள ஊருக்கு '22.5°' என்று துல்லியமாக எழுதுவதும் சரியில்லை. '20-க்கும் 25-க்கும் இடையில்' என்பதே நேர்மையான விடை. இன்னொன்று, உலக வெப்பநிலை வரைபடங்களில் பெரும்பாலும் எல்லா இடத்தின் வெப்பநிலையையும் கடல்மட்டத்துக்குக் கொண்டுவந்து கணக்கிட்டு வரைகிறார்கள். உயரம் கூடக் கூட வெப்பநிலை குறையும் என்பதால், ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 6.5° செல்சியஸ் கூட்டிக்கொள்வார்கள். 3000 மீட்டர் உயரத்தில் உள்ள ஊரின் மேல் 27° கோடு போனால் அங்கே உண்மையில் 7 அல்லது 8 டிகிரிதான் இருக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டியே இருக்கும், ஈக்வடாரின் தலைநகரான கீட்டோ ஏன் இதமாக இருக்கிறது என்று கேட்டால், சுமார் 2850 மீட்டர் உயரத்தைச் சொல்லத் தெரிய வேண்டும். அந்த உயரத்தைச் சமவெப்பக் கோட்டுப் படத்தில் தேடினால் கிடைக்காது.

கடைசியாக, இரண்டு செய்திகள் ஒரே இடத்தில் கூடிவந்தால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று உடனே எழுதிவிடுவது. 1854-இல் லண்டனின் பிராட் தெருவில் பரவிய காலரா பற்றி மருத்துவர் ஜான் ஸ்னோ வரைந்த படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு மரணமும் ஒரு கறுப்புக் கோடு. கோடுகள் தெருவில் இருந்த ஒரு தண்ணீர் அடிகுழாயைச் சுற்றிக் குவிந்திருக்கும். குவிந்திருப்பதை மட்டும் வைத்து, அந்தக் குழாய்த் தண்ணீர்தான் காரணம் என்ற முடிவுக்கு அவர் வரவில்லை. அருகிலேயே 535 பேர் தங்கியிருந்த ஏழைகள் இல்லத்தில் இறந்தவர்கள் ஐந்தே பேர். ஏன் என்று விசாரித்தார். அங்கே தனிக் கிணறு இருந்தது. பக்கத்து பீர் ஆலையின் தொழிலாளர்கள் தப்பியதையும் விசாரித்தார். அவர்கள் அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவே இல்லை.

தேர்விலும் அப்படித்தான் எழுத வேண்டும். மழை வரைபடமும் நெல் வரைபடமும் கொடுத்தால், "மழை அதிகமுள்ள பகுதிகளில் நெல் சாகுபடியும் அதிகம் காணப்படுகிறது" என்பது வரைபடம் தருகிற விடை. அதை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். மண், பாசனம், சமநிலம் போன்ற காரணங்கள் உங்கள் பாட அறிவிலிருந்து வருபவை. அவற்றைத் தனி வாக்கியத்தில் எழுதுங்கள். மழை இருந்தும் நெல் இல்லாத இடம் ஏதாவது படத்தில் தெரிந்தால் அதை விட்டுவிடாமல் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.