வாக்கி டாக்கி கேட்கும் பெரியப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியில் என்னென்ன வைக்கலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: சொந்தக்காரர் கேட்டார் என்பதற்காக அமெரிக்காவிலிருந்து வாக்கி டாக்கி வாங்கிப் போகாதீர்கள்.

பெரியப்பா கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் கடுப்பு. எங்கள் ஊர்த் தேர் தெற்கு வீதி முக்கில் திரும்பும்போது, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவரை முன்னால் வடம் இழுக்கிறவர்களால் பார்க்க முடியாது. இத்தனை வருஷமும் விசிலும், துண்டை வீசிக் காட்டுவதும்தான். வெடியும் மேளமும் சேர்ந்துவிட்டால் விசில் யாருக்குக் கேட்கும்? "நீதான் தேருக்கு வர்றதில்ல, இதையாவது வாங்கிட்டு வா" என்றார். முதல் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் இரண்டாம் பாதிக்குத் தலையாட்டினேன்.

நியூ ஜெர்சியில் அது கடையில் பொம்மைகளுக்குப் பக்கத்தில் தொங்குகிற சாமான். லைசென்ஸ் கேட்க மாட்டார்கள். 462, 467 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கம் பேசும், சில சேனல்களில் 2 வாட் வரைக்கும். இந்தியாவிலும் தனி லைசென்ஸ் இல்லாமல் பேச இடம் உண்டு. குறைந்த சக்தியில் குறுகிய தூரம் பேசும் கருவிகளுக்காக 2018-ல் வந்த விதி, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை விலக்கு தருகிறது. நம்ம ஊர் அகலத்துக்கு அது தாராளம். ஆனால் அமெரிக்க வாக்கி டாக்கி அந்த இடத்துக்கு வராது. சேனலை மாற்றிப் பார்த்தும் பயனில்லை, இருக்கிற சேனல் எல்லாமே தப்பான இடத்தில்.

லண்டன், பாரிஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் ஊரில் லைசென்ஸ் இல்லாமல் பேசும் வாக்கி டாக்கியான பி.எம்.ஆர். 446-க்கு அலைவரிசை பொருந்தும், சரி. ஆனாலும் அந்த மாடலுக்கு இந்தியாவில் இ.டி.ஏ. என்கிற வகை ஒப்புதல் இருக்க வேண்டும். ஆளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றால் கருவிக்கும் எதுவும் வேண்டாம் என்று நினைத்துவிடுகிறோம். சட்டப்படி அனுமதியில்லாத கருவியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். பேசியிருக்கக்கூட வேண்டாம்.

வாங்கிக்கொண்டு போய் விமான நிலையத்தில் இறங்கியதும், சுங்கத்தில் சாமானைச் சொல்லிவிட்டுப் போகிற சிவப்பு வழியில் நானேதான் போய்ச் சொன்னேன். அதிகாரி மரியாதையானவர். பேட்டரியைக் கழற்றி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உள்ளே ஒட்டியிருந்த பொடி எழுத்தைப் படித்தார். "இது எஃப்.சி.சி. நம்பர் சார், அமெரிக்க அரசு ஒப்புதல், அமெரிக்காவுக்குத்தான் செல்லும்." அப்புறம் ஒரு பெஞ்ச். அப்புறம் இன்னொரு மேசை. எதற்கு இத்தனை என்று கேட்டார்கள். தேருக்கு என்றதும் முகம் மாறியது. எந்த ஊர்த் தேர், யார் டிரஸ்டி, போலீஸ் அனுமதி இருக்கிறதா? நான் நியூ ஜெர்சியில் சாப்ட்வேர் எழுதுகிறவன், எனக்கு டிரஸ்டி பெயர் தெரியவில்லை. ஒரு காலத்தில் அந்தத் தேர்முட்டியில்தான் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தேன். முத்திரை குத்துகிறவர் சாப்பிடப் போயிருந்தார். வெளியே வெயிலில் தம்பி காருக்குப் பார்க்கிங் பணம் ஏறிக்கொண்டிருந்தது.

இங்கே கைகொடுத்தது 1962 சுங்கச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு. கொண்டுவரக் கூடாத பொருளையும் உண்மையாகச் சொல்லிவிட்டால், அதைத் தடுத்து வைத்து, நாடு திரும்பும்போது தரச் சொல்லிக் கேட்கலாம். அந்த ரசீதை பாஸ்போர்ட்டோடு வையுங்கள். திரும்புகிற டிக்கெட் வேறு விமான நிலையத்திலிருந்து என்றால் ரசீது வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்தால் வேறொரு பயணி மூலமாகவும் வாங்கலாம் என்கிறது சட்டம். திரும்பும் நாளன்று கிடங்குச் சாவி யாரிடம் என்று கண்டுபிடிக்கவே நேரம் வேண்டும். பார்சலைத் திறந்தால் எல்லாம் பத்திரமாக இருந்தது, தேர் மட்டும் அதற்குள் நிலைக்கு வந்திருந்தது.

மற்றதெல்லாம் சுருக்கமாக. வைஃபை, புளூடூத் சாமான்களுக்குப் பயம் வேண்டாம், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு எப்போதோ விலக்கு வந்துவிட்டது. 900 மெகாஹெர்ட்ஸ் பேபி மானிட்டர் வேண்டாம், இந்தியாவில் அது கைபேசிகளின் இடம். அம்மாவுக்கு என்று டெக்ட் 6.0 கார்ட்லெஸ் போன் எடுத்துப் போவதும் அதே வம்பு. மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் சாட்டிலைட் மெசஞ்சர், சாட்டிலைட் போன் இரண்டையும் முன் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. 2024 கடைசியில் கோவாவில் வெளிநாட்டுப் பயணிகள் இதற்காகப் பிடிபட்டார்கள்.

வாக்கி டாக்கி வேண்டுமென்றால் பணத்தை அனுப்பி அங்கேயே வாங்கச் சொல்லுங்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பதை எல்லாம் நம்ப வேண்டாம். ஒப்புதல் இல்லாதவற்றை விற்றதற்காக 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விற்பனைத் தளங்களுக்கே நோட்டீஸ் அனுப்பியது. பில்லோடு அலைவரிசையையும் இ.டி.ஏ. சான்றையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தம்பி அப்படித்தான் வாங்கிக் கொடுத்தான். பெரியப்பாவுக்கு அதில் திருப்தியில்லை, ஃபாரின் சாமான் மாதிரி வராதாம்.

அடுத்த தேருக்கு மேலேயிருந்து படம் பிடிக்க ட்ரோன் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியை 2022 பிப்ரவரியிலேயே தடை செய்துவிட்டார்கள். அதை அவரிடம் நீ சொல் என்று தம்பி என்னைச் சொல்கிறான், நான் அவனைச் சொல்கிறேன்.