பாய்லர் நீரின் டி.டி.எஸ்: தானியங்கிக் கட்டுப்பாட்டை அமைக்கும் முறை

ஆம்பூர், பேர்ணாம்பட்டு வட்டாரத் தோல் பதனிடும் ஆலைகளில் நான் அடிக்கடி கேட்கும் வாதம், நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் ஓடுவதால் டி.டி.எஸ் (நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு) பற்றிய கவலை வேண்டாம் என்பது. சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை விடுகிறதே தவிர, கரைந்த உப்பின் மொத்த அளவைக் குறைப்பதில்லை. நீராவி வெளியேற வெளியேற அந்த உப்பு பாய்லருக்குள்ளேயே தங்கி, அளவு மிஞ்சியதும் நீர் நுரைத்து நீராவியோடு சேர்ந்து போகிறது. அதைத் தடுக்கப் பாய்லர் நீரில் ஒரு பகுதியை வெளியேற்றுவதுதான் புளோடவுன்; சென்சார் உப்பை அளக்க, கன்ட்ரோலர் அதற்கேற்ப வால்வைத் திறந்து மூடுவதே தானியங்கிக் கட்டுப்பாடு.

முதலில், மணிக்கு எவ்வளவு நீரை வெளியேற்ற வேண்டும் என்ற கணக்கு. ஊட்டுநீரின் (பாய்லருக்குள் செலுத்தும் நீர்) டி.டி.எஸ்ஸை மணிக்கான நீராவி அளவால் பெருக்கி, பாய்லர் வரம்புக்கும் ஊட்டுநீருக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். மணிக்கு 2000 கிலோ நீராவி, வரம்பு 3000 பி.பி.எம் (பத்து லட்சத்தில் 3000 பங்கு), ஊட்டுநீர் 250 எனில் 182 கிலோ நீரை வெளியேற்றினால் போதும். ஊட்டுநீர் 500 ஆனால் 400 கிலோ. ஆகவே, கருவி வாங்குவதற்கு முன் கண்டன்சேட்டை (நீராவி குளிர்ந்து கிடைக்கும், உப்பு அநேகமாக இல்லாத நீர்) ஃபீட் டேங்கிற்குத் திருப்பி ஊட்டுநீரின் உப்பைக் குறைப்பதே மலிவான வழி. வரம்பைப் பாய்லர் கையேட்டில் பார்த்துக்கொள்ளவும்.

பாய்லருக்குள் நிற்கும் வகை சென்சார், மிகக் குறைந்த நீர்மட்டத்திற்கும் கீழே, ஊட்டுநீர் விழும் இடத்திலிருந்து விலகியே இருக்க வேண்டும். ஊட்டுநீர் அதன் மீது பட்டால் அளவு குறைவாகவே தெரியும்.

அடுத்தது அளவுத்திருத்தம், அவசரப்படக் கூடாத வேலை இதுதான். பாய்லர் நிதானமான சுமையில் ஓடும்போது, சாம்பிள் கூலர் வழியாக 25 டிகிரிக்குக் குளிர்வித்து மாதிரி எடுக்கவும். நேரடியாக மக்கில் பிடித்தால் ஒரு பகுதி ஆவியாகிப் போய், மீதி உப்பு கூடியதாகக் காட்டும். மாதிரியின் காரத்தன்மையை நடுநிலையாக்க, ஃபீனால்ப்தலீன் நிறங்காட்டி இட்டு, இளஞ்சிவப்பு மறையும்வரை கேலிக் அமிலம் சேர்த்தபின், கண்டக்டிவிட்டியை (மின்கடத்து திறன்) 0.7 ஆல் பெருக்கவும்: 4000 மைக்ரோசீமென்ஸ் என்றால் 2800 பி.பி.எம். அந்த எண்ணைக் கன்ட்ரோலரில் பதிந்துவிட்டு, வரம்பு 3000 எனில் வால்வு 2700இல் திறந்து சுமார் 2560இல் மூடும்படி வைப்பது என் வழக்கம்.

திரையை மட்டும் நம்ப வேண்டாம். ஓர் ஆலையில் திரை 2400 என்று அமைதியாக இருக்க, கேஜ் கிளாஸில் நீர்மட்டம் துள்ளிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால், சென்சார் முனையில் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளைப் படிவு. சாஃப்ட்னருக்கு உப்பு போட்டு ரீஜெனரேஷன் செய்வதைச் சில நாட்கள் தவறவிட்டிருந்தார்கள். படிவு மூடிய சென்சார் குறைவாகவே காட்டும், வால்வும் மூடியே கிடக்கும். வாரம் ஒருமுறையாவது கைமாதிரியோடு ஒப்பிட்டு, வித்தியாசம் கூடினால் சென்சாரைத் துடைக்கவும்.

தானியங்கி வால்வு கரைந்த உப்பை மட்டுமே கவனிக்கும். அடியில் தங்கும் சேற்றுக்கு, ஷிஃப்டுக்கு ஒருமுறை சுமை குறைந்த நேரத்தில் அடிவால்வைச் சில வினாடிகள் திறந்து மூடுவது பாய்லர் ஆபரேட்டரின் வேலையாகவே தொடர வேண்டும். அந்தக் கொதிநீர் புளோடவுன் டேங்கில் விழட்டும், சாக்கடையில் அல்ல.