எஸ்ஆர்1 படிவத்தைக் கேட்கத் தயங்காதீர்கள்

ஊரில் ஒருவருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டால் அவரிடம் யாரும் சொல்வதில்லை. வைத்தியர் மூத்த பிள்ளையைத் தனியே அழைத்துச் சொல்வார். பிரித்தானியாவுக்கு வந்த பிறகும் நம் குடும்பங்கள் இப்படித்தான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வைத்தியரிடமும் வாய் திறக்காமல் இருந்தால், சேர வேண்டிய அரசு உதவித்தொகை சேராது. வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருப்பவருக்கு அதை விரைவாகப் பெற்றுத் தரும் வைத்தியச் சான்றுதான் எஸ்ஆர்1 படிவம்.

முதலில் விசாவைப் பாருங்கள். பொது நிதி, அதாவது அரசு உதவித்தொகை, பெறத் தடை இருந்தால், குடிவரவுச் சட்டத்தரணியைக் கேட்காமல் விண்ணப்பிக்காதீர்கள். அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கு அந்தத் தடை இல்லை. நோயாலோ இயலாமையாலோ உதவி தேவைப்படும் பெரியவர்களுக்கு, ஸ்கொட்லாந்து தவிர்ந்த இடங்களில், இரண்டு உதவித்தொகைகள் உண்டு: ஓய்வூதிய வயதுக்குக் கீழே என்றால் பிஐபி, அதற்கு மேல் என்றால் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்.

பிஐபிக்கு வழக்கமாக நோய் தொடங்கி 3 மாதம் கழிந்திருக்க வேண்டும். கடந்த 3 ஆண்டுகளில் 2 ஆண்டுகள் இங்கே இருந்திருக்க வேண்டும். நீண்ட படிவம், பிறகு மதிப்பீடு. வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருப்பவருக்கான சிறப்பு விதியில் இவற்றில் எதுவும் இல்லை. வைத்தியரோ சிறப்புத் தாதியோ எஸ்ஆர்1 படிவத்தை நிரப்பித் தந்தால் போதும். அதற்குக் கட்டணமும் கிடையாது.

என் நண்பரின் அக்காவுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வைத்தியசாலையில் தம்பிதான் மொழிபெயர்த்தார். வைத்தியர் சொன்னதில் பாதியை அக்காவுக்காக விழுங்கினார். எஸ்ஆர்1 கேட்பது சாவுக்கு நாள் குறிப்பதாகிவிடும் என்று அதையும் கேட்கவில்லை. வழக்கமான படிவமே போனது. மதிப்பீட்டுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தபோது அந்தியேட்டியே முடிந்திருந்தது. அந்தக் கடிதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்தப் படிவம் நாள் குறிப்பதில்லை. 12 மாதத்துக்குள் இவர் இறந்தால் அது எனக்கு வியப்பாக இராது என்று வைத்தியர் கருதினால் போதும். 2023 ஏப்ரலுக்கு முன் பிஐபிக்கு அந்த வரம்பு 6 மாதமாக இருந்தது. 12 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள். பெரும்பாலும் 3 ஆண்டுகளுக்கு வழங்குகிறார்கள். நோயாளிக்குத் தெரியாமலேயே அவர் சார்பில் நீங்கள் விண்ணப்பிக்கவும் முடியும். அவரிடம் மறைக்க விரும்பும் குடும்பத்துக்கும் வழி இருக்கிறது.

வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், இலவசம். பிஐபிக்கு விண்ணப்பிக்கத் தொலைபேசியில் பேசத் தொடங்கியதுமே சிறப்பு விதியின் கீழ் விண்ணப்பிக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். அன்றாடப் பராமரிப்புக்கான உயர் தொகை தானாகவே கிடைக்கும். நடமாட்டத்துக்கான தொகைக்கு மட்டும் கேள்விகள் கேட்பார்கள். அங்கே மானம் பார்த்து “மெதுவாக நடப்பார்” என்று சொல்லாதீர்கள். கட்டிலிலிருந்து கழிவறைவரை கைத்தாங்கலாகப் போகிறார் என்றால் அதையே சொல்லுங்கள்.