எக்ஸ்பிஆர்எல் ஃபைலிங்குக்கு முதன்முறை வரும் கம்பெனிகளுக்கு

கோயம்புத்தூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கம்பெனிகளின் வருடாந்தர ஃபைலிங்கைக் கவனித்துக்கொள்வது என் வேலை. அக்டோபர் பிறந்துவிட்டால் இப்படி ஒரு போன் வராமல் இருக்காது: "சார், இந்த வருசம் கேபிடல் அஞ்சு கோடி ஆயிருச்சு. எக்ஸ்பிஆர்எல்-ல போடணுமாமே? பேலன்ஸ் ஷீட் பிடிஎஃப் அனுப்பி விடறேன், மாத்திக் குடுத்துருங்க."

எக்ஸ்பிஆர்எல் என்றால், கணக்கிலுள்ள ஒவ்வொரு தொகைக்கும் கம்ப்யூட்டர் படிக்கக்கூடிய ஓர் அடையாளப் பெயரை (டேக்) ஒட்டி அரசிடம் தாக்கல் செய்யும் முறை. மாற்றிக் கொடுப்பதற்கு இரண்டே நாள் போதும். ஆனால் எந்தத் தொகைக்கு எந்த டேக் என்ற முடிவை, கணக்கு எழுதியவர் இல்லாமல் யாரும் சரியாக எடுக்க முடியாது. அந்த முடிவை எப்படி எடுப்பது என்பதுதான் இங்கே பெரும்பகுதி. மற்றதெல்லாம் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும்.

முதலில், நீங்கள் இதற்குள் வருகிறீர்களா என்று பாருங்கள். இந்தியாவில் 2010-11 கணக்கு ஆண்டிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. இப்போது 2015-ஆம் ஆண்டு விதிகள். லிஸ்டட் கம்பெனி, அதன் இந்தியத் துணை கம்பெனி, பெய்ட்-அப் கேபிடல் (பங்குதாரர்கள் செலுத்திய மூலதனம்) ரூ.5 கோடியோ அதற்கு மேலோ உள்ளது, டர்ன்ஓவர் ரூ.100 கோடியோ அதற்கு மேலோ உள்ளது, இண்ட்-ஏஎஸ் (புதிய இந்தியக் கணக்கியல் தரநிலைகள்) படி கணக்கு போடுவது: இதில் ஏதாவது ஒன்று பொருந்தினால் வருடாந்தரக் கணக்கைத் தாக்கல் செய்யும் ஃபார்ம் உங்களுக்கு ஏஓசி-4 எக்ஸ்பிஆர்எல்தான். வங்கி, இன்சூரன்ஸ், என்பிஎஃப்சி (வங்கி அல்லாத நிதி) கம்பெனிகளுக்கு விலக்கு உண்டு. ஒருமுறை உள்ளே வந்தவர், அடுத்த வருடம் டர்ன்ஓவர் 80 கோடிக்கு இறங்கினாலும் வெளியே போக முடியாது. அதனால் "இந்த ஒரு வருசம் எப்படியாவது ஒப்பேத்திடலாம்" என்ற எண்ணம் வேண்டாம்.

அடுத்து, எம்சிஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்திலிருந்து டேக்ஸானமியை இறக்கிக்கொள்ளுங்கள். இது அரசு கொடுத்திருக்கும் டேக்குகளின் முழுப் பட்டியல். பழைய அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட்ஸ் படி கணக்கு போடுபவர்களுக்கு ஒன்று, இண்ட்-ஏஎஸ் கம்பெனிகளுக்கு வேறொன்று. தவறானதை எடுத்தால் செய்த வேலை மொத்தமும் வீண். அமெரிக்காவில் பங்குச்சந்தை ஒழுங்கு அமைப்பான எஸ்இசி-யிடம் ஃபைல் பண்ணும் கம்பெனி, பட்டியலில் பொருத்தமான டேக் இல்லையென்றால் தானே ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். நம் ஊரில் அந்தச் சலுகை கிடையாது. இருப்பதற்குள் அடக்கியாக வேண்டும். எனக்கென்னவோ இதுவே நல்லது என்று தோன்றுகிறது. ஆளுக்கொரு டேக் வைத்தால் பிறகு ஒப்பிடுவது எப்படி?

இப்போது மேப்பிங் ஷீட். எக்ஸெலில் மூன்று நெடுவரிசை போதும்: உங்கள் லெட்ஜர் அல்லது குரூப்பின் பெயர், அதற்கான டேக், ஏன் அந்த டேக் என்பதற்கு ஒரு வரி. மூன்றாவது நெடுவரிசையைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். அடுத்த வருடம் அக்கவுண்டண்ட் மாறும்போது உதவப்போவது அது ஒன்றுதான்.

ஒரு ஸ்பின்னிங் மில்லின் கரண்ட் செலவை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் 'பவர் அண்ட் ஃபியூயல்' என்று ஒன்று இருக்கிறது. சற்றுக் கீழே 'எலக்ட்ரிசிட்டி எக்ஸ்பென்ஸஸ்' என்றும் ஒன்று இருக்கிறது. மின்வாரிய பில் எதில் போகும்? பேலன்ஸ் ஷீட்டை மட்டும் பார்த்து டேக் போடுகிறவர், நோட்ஸில் 'எலக்ட்ரிசிட்டி சார்ஜஸ்' என்று பார்த்ததும் இரண்டாவதில் தள்ளிவிடுவார். ஸ்பிண்டில் ஓட்டுகிற கரண்ட் அது. உற்பத்திச் செலவு, 'பவர் அண்ட் ஃபியூயல்'தான் சரி. ஜெனரேட்டர் டீசலும் அங்கேயே. டவுனில் இருக்கும் ஹெட் ஆபீஸ் பில் மட்டும் 'எலக்ட்ரிசிட்டி எக்ஸ்பென்ஸஸ்'. சொந்தக் காற்றாலை இருந்தால் இன்னொரு கேள்வி வரும்: அதன் பராமரிப்புக் கட்டணத்தையும் பவரில் சேர்த்து எழுதுகிற பழக்கம் இங்கே பல மில்களில் உண்டு. அதை 'ரிப்பேர்ஸ் டு மெஷினரி'க்குப் பிரித்து வைப்பதே என் வழக்கம். மில்லின் மிகப் பெரிய செலவுகளில் ஒன்று கரண்ட். இந்த ஒரு டேக் தவறினால், உங்கள் கணக்கைப் பக்கத்து மில்லோடு ஒப்பிடுகிறவருக்கு நீங்கள் கரண்டே இல்லாமல் நூல் நூற்கிற மாதிரி தெரியும்.

எதிலும் அடங்காததை 'மிசலேனியஸ்'ஸில் கொட்டுவதற்கும் எல்லை உண்டு. விற்பனை வருவாயில் 1 சதவீதம் அல்லது ரூ.1 லட்சம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டும் செலவைத் தனியாகக் காட்டச் சொல்கிறது கம்பெனிகள் சட்டத்தின் ஷெட்யூல் 3 (இண்ட்-ஏஎஸ் கம்பெனிகளுக்கு ரூ.1 லட்சத்துக்குப் பதில் ரூ.10 லட்சம்). ஆகவே லெட்ஜர் குரூப்பிங்கை ஏப்ரலிலேயே, டாலியில் புது வருடம் திறக்கும்போதே, டேக்ஸானமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சீர்செய்யுங்கள். ஆடிட் முடிந்து கையெழுத்தான பிறகு பிரிக்க உட்கார்ந்தால் ஆடிட்டரும் உங்கள் பக்கம் நிற்க மாட்டார்.

எண்களில் தடுக்கி விழுகிற இடங்கள் மூன்று. முதலாவது, லட்சம். பேலன்ஸ் ஷீட்டில் 'ட்ரேட் ரிசீவபிள்ஸ் 1,284.37' என்று லட்சத்தில் இருக்கிறது என்று வையுங்கள். ஃபைலுக்குள் போக வேண்டியது முழு ரூபாய்: 12,84,37,000. கூடவே 'டெசிமல்ஸ்' என்ற இடத்தில் -3 என்று வரும். ஆயிரம் ரூபாய் வரை இந்த எண் துல்லியம் என்று அர்த்தம். அங்கே 2 என்று போட்டால், பைசா வரை சுத்தம் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது, பிராக்கெட். கேஷ் ஃப்ளோவில் மெஷின் வாங்கிய தொகையைப் பிராக்கெட்டுக்குள் காட்டுகிறோம், அதனால் மைனஸ் என்று கை தானாகப் போகும். அந்த டேக்கே பணம் வெளியே போனதைக் குறிப்பதுதான். ப்ளஸ்ஸாகவே கொடுக்க வேண்டும். மைனஸ் போட்டால் மெஷின் வாங்கியதில் பணம் வந்ததாகிவிடும். ஆனால் கடைசியில் வரும் நிகரத் தொகை உண்மையிலேயே மைனஸ் என்றால், அது மைனஸாகத்தான் போகும்.

மூன்றாவது தேதி. பேலன்ஸ் ஷீட் எண்ணுக்கு ஒரே நாள், 31-03-2025. பி அண்ட் எல் (லாப நட்டக் கணக்கு) எண்ணுக்கு ஒரு காலம், 01-04-2024 முதல் 31-03-2025 வரை. முந்தைய வருடத்துக்கும் இதே மாதிரி. கேஷ் ஃப்ளோவில் முந்தைய வருடத்தின் ஆரம்ப இருப்புக்காக 31-03-2023-உம் வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம்.

எண்களோடு முடிவதில்லை. டைரக்டர்ஸ் ரிப்போர்ட், ஆடிட்டர் ரிப்போர்ட், அதில் கேரோ (அரசு உத்தரவுப்படி ஆடிட்டர் தனியாகச் சொல்ல வேண்டியவை) பகுதி எல்லாமே டேக் ஆக வேண்டும். கடைசி நேரத்தில் ஓடவிடுவது சின்னச் சின்ன விவரங்கள்தான்: ஒவ்வொரு ரிலேட்டட் பார்ட்டியின் (கம்பெனியோடு தொடர்புள்ள நபர் அல்லது நிறுவனம்) பான் அல்லது சிஐஎன் (கம்பெனி அடையாள எண்), என்ன உறவு, விற்கும் பொருளின் ஐடிசி கோடு (பொருள் வகைப்பாட்டு எண்). பருத்தி நூல் பெரும்பாலும் 5205-இல் வரும். முதலாளியின் மைத்துனர் பான் நம்பருக்காக அக்டோபர் கடைசியில் நடையாய் நடப்பதைவிட, ஜூனிலேயே ஒரு பட்டியல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

ஃபைல் தயாரானதும் எம்சிஏ தரும் வேலிடேஷன் டூலில் போட்டு வேலிடேட் செய்து, பிறகு ப்ரீ-ஸ்க்ரூட்டினி (தாக்கலுக்கு முந்தைய பரிசோதனை). எர்ரர் இல்லை என்று வந்ததும் பலர் பெருமூச்சு விடுவார்கள். கூட்டல் சரியா, கட்டாய விவரங்கள் இருக்கின்றனவா என்பதைத்தான் டூல் பார்க்கிறது. கரண்ட் பில் வாடகையில் போயிருந்தாலும் அதற்குத் தெரியாது. அதே டூலில் பிடிஎஃப் எடுத்து, கையெழுத்தான பேலன்ஸ் ஷீட்டைப் பக்கத்தில் வைத்து, ஒருவர் வாசிக்க இன்னொருவர் டிக் அடியுங்கள். பழைய முறைதான். இதைவிட நல்ல முறையை நான் பார்த்ததில்லை. கன்சாலிடேட்டட் (துணை கம்பெனிகளையும் சேர்த்த) கணக்கு இருந்தால் அதற்குத் தனி ஃபைல், அதற்கும் இதே டிக்.

ஏஜிஎம் (வருடாந்தரப் பொதுக்கூட்டம்) நடந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ஃபைல் ஆக வேண்டும். தாமதித்தால் நாளுக்கு ரூ.100 கூடுதல் கட்டணம், அபராதம் தனி. ஃபார்மில் ப்ராக்டிஸ் பண்ணும் சிஏ, சிஎஸ் அல்லது சிஎம்ஏ சான்றளிக்க வேண்டும், அவருக்கும் பார்க்க நேரம் கொடுங்கள். செப்டம்பர் 30-இல் ஏஜிஎம் வைத்துவிட்டு அக்டோபர் 28-ஆம் தேதி ஃபைலை நீட்டினால், நல்ல சிஏ கையெழுத்துப் போட மாட்டார்.

டேக் போடும் வேலையை வெளியே கொடுப்பதில் தப்பில்லை, நானும் கொடுக்கச் சொல்வதுண்டு. ஆனால் மேப்பிங் ஷீட்டை நீங்கள் கொடுங்கள், அவர்களிடமிருந்து வாங்காதீர்கள். வேலை முடிந்ததும் பிடிஎஃப்போடு இன்ஸ்டன்ஸ் ஃபைலையும் (டேக் போட்ட எக்ஸ்பிஆர்எல் ஃபைல்) கேட்டு வாங்கி, உங்கள் சர்வரில் போட்டு வையுங்கள். ஆர்டர் கொடுக்கும்போதே இதை எழுத்தில் கேளுங்கள். அடுத்த வருடம் வேறு ஆளிடம் போகும்போது பழைய ஃபைலுக்குத் தனியாகப் பணம் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.