மாஸ்டரை விடுங்கள், பழைய மாணவர்களின் முட்டியைப் பாருங்கள்

காசிமேட்டில் எனக்கு ஒரு இட்லிக் கடை. விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தால் பத்து, பத்தரை வரை நின்றபடியே வேலை. மீன் ஏலம் முடிந்து வருகிறவர்கள், ஐஸ் உடைக்கிற பசங்கள், வலை பின்னுகிறவர்கள் எல்லாம் நம்ம வாடிக்கைதான். இருபத்திரண்டு வருஷம் இப்படி நின்றதில் இடுப்பும் வலது முட்டியும் மக்கர் பண்ண ஆரம்பித்தன. எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "தேய்மானம்மா. எடையைக் குறைங்க, தாய் சி மாதிரி மெதுவா ஏதாவது பண்ணுங்க" என்றார். தாய் சி என்றால் மெதுவாக அசைந்து பழகுகிற சீனத் தற்காப்புக் கலை. அவர் சும்மா சொல்லவில்லை என்று அப்புறம் தெரிந்தது. அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள் அமைப்பின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டியில், முட்டி, இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்குத் தாய் சியை அழுத்தமாகவே பரிந்துரைத்திருக்கிறார்கள்.

டாக்டர் தாய் சி என்று சொன்னாரே தவிர, யாரிடம் என்று சொல்லவில்லை. ஐந்து வருஷத்தில் மூன்று மாஸ்டர்களைப் பார்த்துவிட்டேன். முதல் ஆளிடம் முட்டி போனது, இரண்டாவது ஆளிடம் பணம் போனது. மூன்றாமவரிடம் இப்போது மூன்றாவது வருஷம். கடைக்கு வருகிறவர்கள் "அக்கா, எங்க சேரலாம்?" என்று கேட்டால் என்ன சொல்வேனோ, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். வாலிபத்தில் குத்துச்சண்டை ஆடினவர். வட சென்னையில் குத்துச்சண்டைக்கே சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பரம்பரைகள் உண்டு. ஆள் யார் என்று கேட்டால் வாத்தியார் பேரைத்தான் முதலில் சொல்வார்கள். அப்பா அடிக்கடி சொல்வார்: "வாத்தியார் வாயைப் பாக்காத. அவரு பசங்க காலைப் பாரு." இதை எத்தனையோ தடவை கேட்டும், எனக்கென்று வந்தபோது மறந்துபோனேன்.

முதல் மாஸ்டர் பார்க்க அவ்வளவு அழகு. பாம்பு தவழ்கிற மாதிரி ஒரு நிலை, ஒரு காலை நீட்டி மற்ற காலில் தரையோடு தரையாக உட்கார்ந்து எழுவார். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவரிடம் ஆறு பேர் பழகினார்கள். அதில் இரண்டு பேர் முட்டிக்கு எலாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். வயசாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒருவனுக்கு இருபத்தாறு வயதுதான் என்று பிறகுதான் தெரிந்தது. முதல் மாதத்திலேயே "இன்னும் கீழ, இன்னும் கீழ" என்று எங்களை உட்கார வைத்தார். என் முட்டி வீங்கி, பதினொரு நாள் கடையைத் திறக்கவில்லை.

அந்த முட்டி எப்படிப் போனது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வாசலில் நின்றே நீங்கள் கண்டுபிடிக்கக்கூடிய விஷயம் இது. முழங்கால் மடங்கும்போது அது கால் விரல்கள் காட்டும் திசையிலேயே போக வேண்டும். உள்பக்கம் சரியக்கூடாது. திரும்புகிற அசைவு இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். பாதம் தரையில் ஒட்டியிருக்க, உடம்பு எடை மொத்தமும் அதே காலில் இருக்க, ஆள் திரும்பினால் அந்த முறுக்கை முட்டிதான் வாங்கும். ஒரு தடவை இரண்டு தடவை ஒன்றும் ஆகாது. தினம் முப்பது தடவை, மூன்று மாதம் என்றால் ஆகும். ஆகவே வகுப்புக்குப் போனால் மாஸ்டரைப் பத்து நிமிஷம் ரசித்துவிட்டு, நாலைந்து வருஷமாக அவரிடம் பழகுகிறவர்கள் பக்கம் பார்வையைத் திருப்புங்கள். திரும்பும்போது அவர்கள் முட்டி உள்ளே சாய்கிறதா? மாஸ்டர் அதைப் பார்த்துத் திருத்துகிறாரா, இல்லை ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? நாலு வருஷ மாணவரே இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். புதிதாக ஆரம்பித்த வகுப்பாகவும் இருக்கலாம். எல்லோரும் ஓடிப்போயும் இருக்கலாம்.

அடுத்தது வாத்தியார் பேர். நம்ம பரம்பரை மாதிரியே தாய் சியிலும் சென், யாங், வூ, ஹாவ், சுன் என்று ஐந்து குடும்பங்களைச் சொல்வார்கள். சென் வழி சீனாவின் ஹெனான் மாநிலத்தில் சென் குடும்பத்து ஊரிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் யாங் லூசான் என்பவர் அங்கே போய்க் கற்று, பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனதுதான் யாங் வழி. பூங்காக்களில் அதிகம் பார்க்கிற 24 அசைவுத் தொகுப்பு, 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை யாங் வழியைச் சுருக்கி அமைத்தது. அது மட்டமென்று சொல்லவில்லை, எனக்கே அதுதான் முதல் பாடம். ஆனால் சொல்லித்தருகிறவருக்குத் தான் தருவது எது என்று தெரிந்திருக்க வேண்டும். "உங்க மாஸ்டர் யாரு சார், எத்தனை வருஷம் கூட இருந்தீங்க, இப்பவும் அவர்கிட்ட போறீங்களா?" என்று கேளுங்கள். உண்மையான ஆள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார், கூடவே அந்த மாஸ்டரிடம் திட்டு வாங்கின கதையையும் சொல்வார். மற்றவர் சுவரில் மாட்டின சான்றிதழைக் காட்டுவார். சீன வூஷு (தற்காப்புக் கலை) சங்கத்தில் ஒன்பது படி வரை தரவரிசை இருக்கிறது, சரி. ஆனால் உலகத்துக்கே பொதுவாக ஒரு சான்றிதழ் கிடையாது, கலர் பிரிண்ட் கடை எல்லாத் தெருவிலும் இருக்கிறது.

நம்ம ஊரில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. "போதிதருமர் காஞ்சிபுரத்துக்காரர், இது நம்ம தமிழன் கலை, ரத்தத்திலேயே இருக்கு" என்று ஆரம்பிப்பார்கள். எனக்கும் கேட்க இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் போதிதருமர் பேரில் சொல்லப்படும் ஈஜின்ஜிங் என்ற தசைநார்ப் பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷம் பிந்தியது. மூச்சும் அசைவும் சேர்ந்த சீனப் பயிற்சிகளுக்குச் சிகோங் என்ற பேரே பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது 1950களில்தான். பயிற்சிகள் பழசு, அதில் சந்தேகமில்லை. சீனாவில் மாவாங்துவி என்ற இடத்தில் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழசான கல்லறையில், இப்படிப்பட்ட அசைவுகளை வரைந்த பட்டு ஓவியமே கிடைத்திருக்கிறது. பெருமை பேசட்டும், தப்பில்லை. பெருமை முடிந்து பாடம் எப்போது ஆரம்பிக்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள்.

இரண்டாவது மாஸ்டர் விஷயத்தில் எனக்கு இப்போதும் வெட்கம்தான். கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. கையை வீசுவார், தொடவே மாட்டார், நாலடி தள்ளி நிற்கிற மாணவன் பின்னால் பறந்துபோய் விழுவான். உள்ளே இருக்கிற "சி", அதாவது உயிர்ச்சக்தி, வெளியே பாய்கிறது என்பார். (அந்தச் சொல்லைக் கேட்டு என் மருமகள் இரண்டு நாள் சிரித்தாள். "அத்தை, ச்சீன்னு சொன்னதுக்கா அவன் விழுந்தான்?") மூன்று நிலை சொல்லித்தருவதாகப் பன்னிரண்டாயிரம் ரூபாய் முன்பணம் கட்டினேன். மூன்றாவது வாரம்தான் கேட்கத் தோன்றியது: "மாஸ்டர், என்னை ஒரு தடவை தள்ளுங்க." "உங்க உடம்பு இன்னும் திறக்கலம்மா" என்றார். திறந்த உடம்பெல்லாம் அவர் மாணவர்களிடம் மட்டும்தான் இருந்தது. விழுந்த மாணவன் வேண்டுமென்றே நடித்தான் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். தினமும் விழுந்து பழகினவனுக்கு அந்தக் கை அசைந்தாலே விழத் தோன்றும். நீங்கள் புது ஆள், உங்களுக்குத் தோன்றாது. அதனால் பணத்தைக் கட்டுவதற்கு முன்பே, மரியாதையோடு, "என் மேல ஒரு தடவை செஞ்சு காட்டுங்க சார்" என்று கேட்டுவிடுங்கள்.

அதே மண்டபத்தில் என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம் சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொன்னார். பதினைந்தாவது நாள் அவருக்கு சர்க்கரை நானூறைத் தாண்டியது. மாத்திரையில் கை வைக்கிற மாஸ்டர் எவராக இருந்தாலும் அன்றைக்கே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். மிச்சப் பணத்தை மறந்துவிடுங்கள், நானும் மறந்துவிட்டேன்.

மூன்றாமவர் பெரம்பூர்ப் பக்கம், மொட்டை மாடியில் சொல்லித்தருகிறார். முதல் நாள் படியேறிப் போனதும் வணக்கம் சொல்லிவிட்டு, நான் வாசலில் கழற்றிவிட்ட செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எனக்கு ஒரே கூச்சம். வலது குதிகாலின் வெளி ஓரம் மட்டும் காகிதம் மாதிரி தேய்ந்திருந்தது. "அடுப்பு உங்களுக்கு இடது பக்கமா இருக்கு?" என்றார். ஆமாம். இட்லித் தட்டை இறக்க இடுப்பைத் திருப்பித் திருப்பி, எடையை வலது காலின் வெளிப்பக்கம் போட்டே நிற்கிறேன், அதுவரை எனக்கே தெரியாது. பிறகு கேள்விகள்: பிபி எவ்வளவு, ஆபரேஷன் ஏதாவது உண்டா, தூக்கம் வருகிறதா, மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா. கடைசிக் கேள்வி ஏன் என்று கேட்டேன். மூச்சையும் மனசையும் அடக்கி ஆளுகிற பயிற்சிகளைத் தப்பாகச் செய்தால் சிலருக்குத் தூக்கம் கெட்டு, மனம் கலங்கிப்போகும், சீனர்களே அதற்கு "நெருப்பு தடம் மாறிப் பேய் புகுவது" என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்றார். இந்தக் கேள்வியைக் கேட்காமல் மூச்சுப் பயிற்சி ஆரம்பிக்கிறவரிடம் நான் இனிமேல் போக மாட்டேன்.

அன்றைக்கு அவர் கொடுத்தது ஒரே பாடம்: நிற்பது. கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முட்டியைக் கொஞ்சமாகத் தளர்த்தி, ஒரு மரத்தைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி கைகளை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி நிற்க வேண்டும். எனக்கு அது இட்லிக் குண்டானைக் கட்டிப்பிடிக்கிற மாதிரிதான் இருந்தது. வாங் ஷியாங்சாய் என்பவர் இந்த நிற்கும் பயிற்சியையே நடுவில் வைத்து ஈச்சுவான் என்ற கலையை உருவாக்கினார் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. ஏழு மணி நேரம் நிற்கிறவளுக்கு நிற்பதில் என்ன பெரிய பாடம் என்று நினைத்தேன். இரண்டாவது நிமிஷம் தோள் நடுங்கியது. "போதும், இறக்குங்க" என்றார். அதிகம் செய்ய விடாமல் நிறுத்துகிற மாஸ்டரை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

பிறகு, சண்டையில் இதெல்லாம் எதற்கு உதவும் என்று கேட்டேன். குத்துச்சண்டைக்காரர் மகள் கேட்காமல் இருப்பாளா? நீங்களும் ஏதாவது ஒரு அசைவைக் காட்டி, "இது எதுக்கு சார்?" என்று கேளுங்கள். "சக்தி ஓடும்" என்று மட்டும் பதில் வந்தால் அவருக்குத் தெரியாது என்று பொருள். இவர், "தொடலாமா?" என்று கேட்டுவிட்டு என் இரண்டு கைகளையும் தன் முன்கையில் வைத்து, "தள்ளுங்க" என்றார். கரையில் கயிற்றில் கட்டின ஃபைபர் படகைத் தள்ளியிருக்கிறீர்களா? கொஞ்சம் போகும், போன இடத்திலிருந்து அதுபாட்டுக்குத் திரும்பி வந்து உங்களையே இடிக்கும். அதே மாதிரி இருந்தது. அவர் கை இறுகவே இல்லை. நான்தான் ஒரு அடி பின்னால் போனேன். "பாதம் தள்ளுது, இடுப்பு திருப்புது, கை சும்மா கொண்டுபோய் சேர்க்குது, அவ்வளவுதாம்மா" என்றார். அப்பா குத்து பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதேதான்.

"தொடலாமா?" என்று கேட்டாரே, அதைப் பெண்கள் கவனியுங்கள். இருவர் கை கோத்துத் தள்ளிப் பழகும் பயிற்சி இந்தக் கலையில் உண்டு, தொடாமல் கற்க முடியாது. அதனாலேயே கேட்டுத் தொடுகிறாரா, எல்லோர் முன்னாலும் தொடுகிறாரா என்று பாருங்கள். "தனியா வாங்க, ரகசியப் பாடம்" என்றால் போகவே வேண்டாம்.

இடத்தையும் பாருங்கள். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்தில் ஒருவர் "ஆழமா மூச்சு இழுங்க" என்று வகுப்பு நடத்தினார். மணலி ஃபேக்டரிகள் பக்கமிருந்து காற்று அடிக்கிற நாளில் அது என்ன பயிற்சி? மொட்டை மாடியோ, மரம் இருக்கிற பூங்காவோ, லாரி அடங்கின நேரமோ பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல மாஸ்டர் தூரத்தில்தான் இருக்கிறார் என்றால், 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது, தண்டையார்பேட்டையிலோ தேரடியிலோ ஏறி வாரம் ஒரு நாள் போய் வரலாம். வீடியோ பார்த்துக் கற்பதை நான் தப்பு சொல்லவில்லை, அசைவின் வரிசையை மறக்காமலிருக்க உதவும். உங்கள் முட்டி உள்ளே சாய்வதை ஃபோன் சொல்லாது.

பணம் மாதாமாதம் கொடுங்கள், நான் ஆயிரத்தைந்நூறு கொடுக்கிறேன். ஆயுள் சந்தா, நிலை வாரியாகக் கட்டணம் எல்லாம் வேண்டாம். மூன்று மாதம் ஆனதும் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். நான் பார்த்தபோது இரண்டு நிமிஷ நிற்றல் பதினொரு நிமிஷம் ஆகியிருந்தது. காலை ஒன்பது மணிக்கு வழக்கமாக வருகிற முட்டி வலி பத்தரைக்குத்தான் வந்தது, சில நாள் வரவேயில்லை. அடுப்பை வலது பக்கத்துக்கு மாற்றிவிட்டேன். சாம்பார் வாளியை எங்கே வைப்பது என்றுதான் இன்னும் சரிப்பட்டு வரவில்லை.