வுல்லங்காங் பக்கம் முதல் கோடை: கடலோடு பழகுவது எப்படி

சிட்னிக்குத் தெற்கே, மலைக்கும் கடலுக்கும் நடுவில் வரிசையாகச் சின்னச் சின்ன ஊர்கள்: ஆஸ்டின்மர், திரூல், புல்லை, அப்புறம் வுல்லங்காங். இந்தப் பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை என்பது பழகவே கொஞ்ச நாள் ஆகும். அதைவிட முக்கியம், இங்கே கடல் என்பது வேடிக்கை பார்க்கிற இடம் இல்லை. மெரினாவில் முழங்கால் நனைத்துவிட்டுச் சுண்டல் வாங்கித் தின்று வீடு திரும்பிய நமக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளி விட்டதும் பலகையோடு அலைக்குள் ஓடுவதைப் பார்த்தால் நம் பிள்ளையும் போகத்தான் கேட்கும். போகட்டும், ஆனால் முறை தெரிந்து போகட்டும்.

முதல் விதி சிவப்பு-மஞ்சள் கொடி. மணலில் இரண்டு கொடிகள் நட்டிருப்பார்கள், அவற்றுக்கு நடுவில் மட்டும்தான் இறங்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் உயிர்காப்பாளர்களின் கண் இருக்கும். கடல் மாற மாறக் கொடியையும் நகர்த்துவார்கள், அதனால் நேற்று குளித்த இடம்தானே என்று போகாதீர்கள். கொடியே இல்லையா, அன்றைக்குக் குளியல் இல்லை. அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், ரிப். கரைக்கு வந்து சேர்ந்த தண்ணீர் ஒரு வாய்க்கால் மாதிரி திரும்பக் கடலுக்குள் ஓடும் நீரோட்டம் அது. படிக்கட்டில் நின்று ஐந்து நிமிடம் பாருங்கள்: இரண்டு பக்கமும் வெள்ளை நுரையாக அலை உடையும்போது, நடுவில் ஒரு பட்டை மட்டும் கருநீலமாக, அலையே இல்லாமல் அமைதியாகத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் பத்திரமான இடம் என்று நினைத்துப் பிள்ளையை இறக்குகிறார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் நினைத்தேன், பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் கையைப் பிடித்துத் தடுத்தார். ஒருவேளை மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீர்கள், களைத்துப்போவீர்கள். மல்லாந்து மிதந்து, ஒரு கையைத் தூக்கி உதவி கேளுங்கள். நீச்சல் தெரிந்தவர் கரைக்கு இணையாக நீந்தி, அலை உடையும் பக்கம் போய் வெளியே வரலாம். கரையில் நிற்பவர் தானும் பின்னால் குதிக்காமல் உயிர்காப்பாளரைக் கூப்பிட வேண்டும், யாரும் இல்லை என்றால் அவசர உதவி எண் 000-க்குப் போன் செய்ய வேண்டும்.

நீச்சலே தெரியாதவர்களுக்குப் பாறையை ஒட்டிக் கட்டிய கடல்நீர்க் குளங்கள் பெரிய வரம். ஆஸ்டின்மரில் அப்படி இரண்டு இருக்கின்றன, கட்டணம் இல்லை. அங்கே ஆரம்பியுங்கள். சுடிதாரும் ஜீன்ஸும் நனைந்தால் கனத்து இழுக்கும், வேண்டாம். முழுக்கை ரேஷி, அதாவது உடம்போடு ஒட்டும் நீச்சல் சட்டை, போட்டுக்கொள்ளுங்கள். முழுதாக மூடிக்கொண்டு குளிப்பவர்கள் இங்கே ஏராளம், கூச்சப்படவே தேவையில்லை. பாறை இடுக்குகளில் கிளிஞ்சல் பொறுக்கக் குழந்தைகளை விடாதீர்கள், நீலவளைய ஆக்டோபஸ் உள்ளே இருக்கலாம், அதன் விஷம் ஆளைக் கொல்லும்.

அடுத்து வெயில். நம் தோல் கருப்பு, சன்ஸ்கிரீன் எதற்கு என்று அம்மா போனில் கேட்பார்கள். இங்கே கோடை மதியத்தில், தோலைக் கருக்கும் கதிர் எவ்வளவு என்று காட்டும் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம், 3 வந்தாலே பாதுகாப்பு தேவை. கருப்புத் தோலும் கருகும், கண்ணும் கெடும். எஸ்.பி.எஃப் 50 வாங்கி, கிளம்ப 20 நிமிடம் முன்னால் தாராளமாகத் தடவி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவுங்கள்.

வடகிழக்குக் காற்று விடாமல் அடிக்கும் நாட்களில் புளூபாட்டில் என்கிற, கொட்டும் சொறிமீன் கரையேறும். நீலக் குமிழி, அதற்குக் கீழே நூல் மாதிரி நீள வால். என் மகளின் கணுக்காலைச் சுற்றிக்கொண்டபோது சாட்டையால் அடித்த மாதிரி சிவப்புக் கோடு விழுந்தது. வாலை எடுத்துப்போட்டு, கடல்நீரால் கழுவி, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் 20 நிமிடம் காலை வைத்தோம், வலி அடங்கியது. வினிகர் வடக்கே குவீன்ஸ்லாந்துப் பக்கத்துச் சொறிமீன்களுக்கு, இதற்கு ஊற்றாதீர்கள்.

40 டிகிரி நாளில் காலையிலேயே சன்னல், திரை எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். தெற்கிலிருந்து குளிர்காற்று திடீரென்று திரும்பும், சில நேரம் ஒரே மணி நேரத்தில் 10 டிகிரி இறங்கும், அப்போது எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். தீத்தடை அறிவித்த நாளில் வெளியே கரி அடுப்பு மூட்டக் கூடாது, மலைப்பக்கம் முழுக்கக் காடு.

சனி, ஞாயிறில் காலையிலேயே கடலுக்குப் போய்விட்டு, குளித்து, ஹெலன்ஸ்பர்க் வெங்கடேசுவரர் கோயிலுக்குப் போனால் தரிசனமும் ஆச்சு, கான்டீனில் தோசையும் ஆச்சு. இல்லையென்றால் மாலை போங்கள், டிசம்பர் கடைசியில் 8 மணிக்குத்தான் இருட்டும். புளிசாதம் கட்டிக்கொண்டு போகலாம், ஆனால் டப்பாவை மூடியே வையுங்கள், சீகல் என்கிற கடற்பறவை ஒன்று வந்தால் பின்னாலேயே இருபது வந்துவிடும்.